கார் நிற்கும் தரைக்கு எந்த விரிப்பு? வினைல், பிளாஸ்டிக் கட்டம், ரப்பர்: ஓர் ஒப்பீடு

சூலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டின் போர்டிகோ 18 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது. தரையில் ஓரடிச் சதுரப் பார்க்கிங் டைல்ஸ் பதித்திருக்கிறோம். வலது மூலையில் சம்ப்பின் இரும்பு மூடி இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலேயே காரை நிறுத்தும் இந்த அமைப்பு நம் பக்கத்து வீடுகளில் புதிதன்று. ஆனால் எஞ்சினிலிருந்து சொட்டும் ஆயிலும், டயரோடு வரும் செம்மண் சேறும், கார் கழுவிய நுரைத் தண்ணீரும் அந்த மூடியின் இடுக்கை நோக்கியே ஓடுகின்றன என்பதைக் கவனித்த பிறகுதான், தரைக்கு ஏதாவது விரிக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது. டைல்ஸில் கறை படிவது இரண்டாவது கவலைதான்.

எதை வாங்கினாலும் அதற்கு முன் ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும். ஒன்றரை அடிச் சதுரமான பாலித்தீன் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, 16 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தாலோ, தரை கறுத்து ஈரமாகத் தெரிந்தாலோ, நிலத்தின் ஈரம் கான்கிரீட் வழியாக மேலேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அத்தகைய தரையை இடைவெளியில்லாமல் மூடும் எந்த விரிப்பும் அடியில் உப்புப் பூக்க வைக்கும். போர்த் தண்ணீரில் தரையைக் கழுவும் வீடுகளில் அந்த வெள்ளைப் படிவம் இன்னும் தடிப்பாக இருக்கும். நான் இந்தச் சோதனையைப் பணத்தை இழந்த பிறகு செய்தேன்.

முதலில் வாங்கியது வினைல் சுருள். காசு மாதிரி வட்டப் புடைப்புகள் கொண்ட, இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள, சாம்பல் நிற விரிப்பு. பார்வைக்கு இதைவிட அழகானது வேறில்லை. ஒரே தாளாக இருப்பதால் மேலே சிந்தும் எதுவும் தரைக்கு இறங்காது. துடைப்பமும் ஈரத்துணியும் போதும். ஆயிலையும் பெட்ரோல் துளியையும் உடனே துடைத்துவிட்டால் தடமே இருக்காது. சம்ப்பைக் காப்பது மட்டுமே நோக்கம் என்றால் வினைலுக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

குறைகள் இரண்டாவது மாதத்திலிருந்து தெரியத் தொடங்கின. எங்கள் கார் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சாதாரண வண்டிதான். ஏறக்குறைய ஒரு டன் எடை. ஒரு சக்கரத்துக்குச் சுமார் 250 கிலோ என்று கொண்டு, டயரில் 33 பிஎஸ்ஐ காற்று அடைத்திருந்தால், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு நூறு சதுர சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அதாவது ஓர் உள்ளங்கை அளவு. வண்டி நின்ற நிலையில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது அத்தனை பாரமும் அந்த உள்ளங்கைப் பரப்பில் ஊன்றி முறுக்குகிறது. கீழே வழவழப்பான டைல்ஸ் இருந்தால் வினைல் அலை அலையாகச் சுருளும். சுருண்ட மடிப்பின் மேல் மறுநாள் டயர் ஏறினால் அங்கேயே வெடிப்பு விழும். சாலையிலேயே வண்டியை நேராக்கிக்கொண்டு உள்ளே வரும் வசதி உள்ள வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. எங்கள் சந்து பதினான்கு அடி அகலம் என்பதால் எங்களுக்கு அந்த வசதியில்லை.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் டயர்த் தடம். டயர் வெயிலிலும் காற்றிலும் வெடித்துப் போகாமலிருக்க, ஓசோனையும் ஆக்சிஜனையும் எதிர்க்கும் வேதிப்பொருள்களை ரப்பரில் கலக்கிறார்கள். அவை சிறிது சிறிதாக டயரின் மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருப்பவை. வினைலை வளைய வைக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருளும் அதேபோல ஓரிடத்தில் நிற்காது. இரண்டும் வெப்பத்தில் நாள்கணக்காக ஒட்டிக் கிடக்கும்போது வினைலுக்குள் பழுப்பு நிறம் இறங்கிவிடுகிறது. இது அழுக்கன்று, நிற மாற்றம். சோப்பும் மண்ணெண்ணெயும் இதை அசைக்காது. வெளிர்நிற வினைலை விற்கும் கடைக்காரர் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார். வினைல்தான் வேண்டும் என்பவர்கள் கறுப்பையே வாங்கட்டும்.

ஐப்பசி மழை முடிந்த ஒரு ஞாயிறன்று அந்த விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். நான்கு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது, ஏனென்றால் காரை வெளியே எடுத்து, மேலிருந்த சாமான்களை நகர்த்தி, 18 அடிச் சுருளை நேராகச் சுற்ற வேண்டியிருந்தது. அடியில் டைல்ஸின் இணைப்புக் கோடுகளை ஒட்டி உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஊறிய சாக்கின் வாடை வந்தது. சம்ப் மூடிக்குப் பக்கத்தில் விரல் நீளப் பூரான் ஒன்று ஓடியது. திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, "பாயின்னா விரிக்கவும் சுருட்டவும் ஒரு ஆளால ஆகோணும். சுருட்ட முடியாததை எதுக்குச் சாமி விரிக்கறீங்க?" என்றார். அன்றிலிருந்து என் அளவுகோல் மாறிவிட்டது. தேளும் பூரானும் உள்ள ஊரில் ஒருவரால் தூக்க முடியாத விரிப்பு, எத்தனை உறுதியானதாக இருந்தாலும், வீட்டுக்கு ஆகாது.

இந்த அளவுகோலின்படி பார்த்தால், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டங்கள் முதலிடம் பெற வேண்டும். இவற்றில் இரண்டு வகை உண்டு. பிவிசி கட்டங்கள் ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டர் தடிமனில், அடைப்பாக, புதிர்த் துண்டுகள் போலப் பொருந்துபவை. வினைலுக்குச் சொன்ன டயர்த் தடம் இவற்றுக்கும் அப்படியே பொருந்தும். பாலிபுரோப்பிலீன் கட்டங்கள் கெட்டியானவை, சல்லடை போல ஓட்டைகள் உள்ளவை, அடியில் கால்கள் கொண்டவை. தண்ணீர் உடனே இறங்கிவிடும், காற்று ஓடும், ஈரம் தங்காது, ஆயில் இந்தப் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. கெட்டுப்போன கட்டத்தை மட்டும் கழற்றி மாற்றலாம்.

ஆனால் ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீரோடு ஆயிலும் இறங்கும் என்பதை வாங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். காலுக்கு நனையாத நடைபாதையைத் தருகின்றனவே தவிர, தரையை இந்தக் கட்டங்கள் காப்பதில்லை. நம் ஊருக்கென்று இன்னொரு குறையும் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கொண்டுவந்து கொட்டும் புழுதியெல்லாம் ஓட்டைகளுக்குள் விழுந்து அடியில் தங்கும். முதல் மழையில் அது சேறாகும். பக்கத்து வீட்டில் இதைப் போட்டிருக்கிறார்கள்; அவர்கள் வண்டி உள்ளே வரும்போது தகரத்தில் மாடு நடப்பது போலக் கடகடவென்று கேட்கும். வெயிலுக்கு விரியும் தன்மையும் பாலிபுரோப்பிலீனுக்கு அதிகம். 18 அடி நீளத்துக்கு 20 டிகிரி வெப்ப வேறுபாடு என்றால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளும். சுவரை முட்டும்படி பூட்டிவிட்டால் சித்திரையில் நடுவே முதுகு தூக்கி நிற்கும். ஆகவே சுற்றிலும் இடைவெளி விட்டுத்தான் பூட்ட வேண்டும். கார் கழுவும் இடத்துக்கு இந்தக் கட்டங்கள் மிகப் பொருத்தமானவை. எஞ்சினுக்கு அடியில் வேண்டாம்.

ரப்பரில்தான் பேச நிறைய இருக்கிறது, ஏனென்றால் கொங்குப் பகுதியில் தரைக்கான ரப்பரைக் கார் சாமான் கடையில் தேட வேண்டியதில்லை. ஒன்று, மாட்டுத்தீவனக் கடைகளில் கிடைக்கும் மாட்டுக் கொட்டகை மேட். மற்றொன்று, கல் கிரஷர்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் கழித்துக் கட்டப்பட்டு, பழைய இரும்புக் கடைகளுக்கு வரும் கன்வேயர் பெல்ட்.

மாட்டு மேட் குளம்பு வழுக்காதபடி மேலே சொரசொரப்பும், மூத்திரம் வடிந்தோடும்படி அடியில் வரிப்பள்ளங்களும் கொண்டது. அந்தப் பள்ளங்களே போர்டிகோவில் காற்றோட்டத்துக்கு உதவுகின்றன. நின்றபடி ஸ்டியரிங்கை ஒடித்தாலும் அது நகராது. குறை அதன் எடையில் இருக்கிறது. ஆறரை அடிக்கு நான்கடி அளவும் 17 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு மேட், ரப்பரின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால், ஐம்பது கிலோவை ஒட்டி வரும். இரண்டு பேர் பிடித்தால் தூக்கலாம். மாதந்தோறும் தூக்குவார்களா என்பதே கேள்வி. என் மைத்துனர் காங்கேயத்துத் தோட்டத்து வீட்டில் டிராக்டருக்கும் காருக்கும் சேர்த்து இதைத்தான் போட்டிருக்கிறார். அங்கே தூக்க ஆள் உண்டு. தரையும் வெறும் சிமெண்டு. அவருக்கு அது சரி.

கன்வேயர் பெல்ட்டின் நடுவே நூல் துணி அடுக்குகள் இருப்பதால் அது நீளவாக்கில் இழுபடாது, சுருளாது. இரண்டடி அகலமும் 13 அடி நீளமும் பத்து மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு துண்டு முப்பது கிலோவுக்குள் அடங்கும். ஒரு முனையைப் பிடித்து ஒருவரே மடித்துத் தள்ளிவிடலாம். பழைய பெல்ட்டின் ஓரங்களில் நூல் பிரிந்திருக்கும். அதைக் கடையிலேயே வெட்டி நேராக்கித் தரச் சொல்ல வேண்டும். சில நாள்களுக்கு ரப்பர் நெடி அடிக்கும். வெயிலில் இரண்டு நாள் கிடத்தி, சோப்புத் தண்ணீரில் தேய்த்த பிறகே உள்ளே கொண்டுவருவது நல்லது. இல்லாவிட்டால் பிள்ளைகளின் உள்ளங்கால் மையாகி, அந்த மை வீட்டுக்குள் வரும்.

ரப்பரின் உண்மையான எதிரி ஆயில். இயற்கை ரப்பரும், டயரில் சேரும் எஸ்பிஆர் ரப்பரும் எஞ்சின் ஆயிலைக் குடித்து உப்பும். நைட்ரைல் ரப்பர் தாங்கும், அதனால்தான் ஆயில் சீல்களைப் பெரும்பாலும் அதில் செய்கிறார்கள். பெல்ட்டுகளிலும் ஆயில் தாங்கும் வகை உண்டு என்றாலும், பழைய பெல்ட்டைப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது. நான் போன கடைக்காரர் நேர்மையானவர். "எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியுமுங்க. மூணு பெல்ட்லயும் தீப்பெட்டி அளவுக்கு வெட்டித் தாரேன், பழைய ஆயில்ல ரெண்டு நாள் ஊறப் போட்டுப் பாருங்க. உப்பாதது எதுவோ அதை வந்து வாங்கிக்குங்க" என்றார். அப்படியே செய்தோம். லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் வெர்னியரால் அளந்தபோது, ஊறுவதற்கு முன் பத்து மில்லிமீட்டராக இருந்த ஒரு துண்டு பதினொன்றரைக்கு மேல் வந்து, நகத்தால் கீறினால் பிய்ந்தது. இன்னொன்று அதில் பாதி அளவுக்கு உப்பியிருந்தது. மூன்றாவது கிட்டத்தட்ட மாறவேயில்லை. அதில்தான் இரண்டு கீற்றுகள் வாங்கினோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொள்ளாச்சித் தேங்காய்நார் விரிப்பு வாசற்படிக்கு அருமை. கார் நிற்கும் இடத்தில் ஆயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கரையானையும் அழைக்கும். உடற்பயிற்சிக்கு விற்கும் இவிஏ நுரைக் கட்டங்கள் ஒரே இரவில் டயர்ப் பள்ளம் வாங்கிவிடும். பழைய ஃப்ளெக்ஸ் பேனர் செலவில்லாதது; நனைந்தால் கண்ணாடி போல வழுக்கும், போதாக்குறைக்கு யாருடைய கும்பிட்ட கைகளின் மீதாவது தினமும் டயரை ஏற்ற வேண்டியிருக்கும். எபாக்சி பூச்சு விரிப்பே அன்று என்றாலும் பலரும் கேட்பதால் சொல்கிறேன்: ஈரம் ஏறும் தரையில் அது கொப்புளித்து உரியும், வெயில் படும் போர்டிகோவில் மஞ்சளாகும், சூடான டயரோடு ஒட்டிப் பெயர்ந்தும் வரும். குளிர்நாட்டுக்காரர்கள் பனி உருகும் நீரைத் தேக்க உருவாக்கிய, விளிம்பு உயர்த்திய தட்டு விரிப்புகளை இணையத்தில் பார்த்து வாங்குகிறவர்களும் உண்டு. இங்கே அதில் தேங்குவது கழுவிய தண்ணீரும் மழைச் சாரலும்தான். ஒரு வாரம் பத்து நாள் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும். டெங்கு ஆய்வுக்கு வருபவர்கள் சம்ப்போடு இதையும் எட்டிப் பார்ப்பார்கள்.

இப்போது எங்கள் போர்டிகோவில் ஒரே விரிப்பு இல்லை. டயர் ஓடும் வழியில் இரண்டு பெல்ட் கீற்றுகள். இடது, வலது சக்கரங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு எங்கள் காரில் ஐந்தடி; கீற்று இரண்டடி அகலம் என்பதால் இடையே மூன்றடித் தரை திறந்தே கிடக்கிறது, ஈரம் மூச்சு விடுகிறது. எஞ்சினுக்கு நேர் கீழே மட்டும் ஓர் அகலமான தகரத் தட்டு. அதில் ஒரு கைப்பிடி மரத்தூள். கோடையில் ஏசி போட்டு வந்தால் அதில் சொட்டுவது வெறும் தண்ணீர்தான். விரலில் தேய்த்தால் வழுக்காது. வழுக்கினால் மெக்கானிக்கிடம் போக வேண்டும் என்பதையும் அந்தத் தட்டே சொல்லிவிடுகிறது. தரையில் தெறித்த ஆயிலைத் துடைக்கத் திருப்பூர்ப் பனியன் வேஸ்ட் இருக்கிறது. துடைத்த வேஸ்ட்டை மட்டும் பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் குவித்து வைக்கக் கூடாது. சம்ப் மூடியின் மேல் எதையும் விரிப்பதில்லை. ஸ்கூட்டரின் சைடு ஸ்டாண்டுக்கு வெட்டி மிஞ்சிய பெல்ட் துண்டு ஒன்று தனியாகக் கிடக்கிறது, ஏனெனில் அந்த ஒற்றைக் காலின் கூர்மைக்கு வினைலும் நிற்காது, டைல்ஸும் நிற்காது.

கேட்டை ஒட்டிய மூன்றடித் தரையை வெறுமையாக விட்டது என் மனைவியின் தீர்மானம். கோலம் போடும் இடத்துக்கு ரப்பர் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆயுத பூஜையன்று டயருக்கு அடியில் நசுங்கும் எலுமிச்சையும், தெறிக்கும் மஞ்சளும் குங்குமமும் கறுப்பு பெல்ட்டில் தெரிவதேயில்லை. மாதம் ஒரு முறை கீற்றுகளை மடித்துத் தள்ளி, அடியைக் கழுவி, காய்ந்த பிறகு தலைமாடு கால்மாடாக மாற்றிப் போடுகிறேன். தனியாக அரை மணி நேர வேலை.

அந்தச் சாம்பல் நிற வினைலை மைத்துனர் வாங்கிக்கொண்டு போனார். காங்கேயத்தில் சோளத்தட்டுப் போரின் மேல் மழைக்கு மூடியிருக்கிறார். நான்கு டயர்த் தடங்களும் இன்னும் அதில் பழுப்பாகவே இருக்கின்றன.