மேட்பிளாட்லிப்: படம் ஏன் வெட்டுப்படுகிறது, மாதம் ஏன் இடம் மாறுகிறது, தமிழ் ஏன் உடைகிறது

பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் போட எத்தனையோ லைப்ரரிகள் வந்துவிட்டன. ஆனாலும் ஆய்வுக் கட்டுரைக்கோ அலுவலக அறிக்கைக்கோ ஒரு படத்தை அச்சுக்கு ஏற்றபடி, கோட்டின் தடிமன் வரைக்கும் நம் இஷ்டத்துக்கு அமைக்க வேண்டுமென்றால் மேட்பிளாட்லிப்தான் இன்றும் முதல் தேர்வு. காசு கிடையாது, மூலநிரல் திறந்தே கிடக்கிறது. தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியின் ப்ளாட் கட்டளையும், சீபார்ன் என்ற வரைபட லைப்ரரியும் உள்ளுக்குள் இதைத்தான் ஓட்டுகின்றன. குறைகளும் உண்டு. அவற்றில் ஒன்று நம் தரவையே தப்பாகக் காட்டும். இன்னொன்று தமிழில் லேபிள் போடுகிறவர்களை நேராகப் பாதிக்கும்.

இதை எழுதத் தொடங்கியவர் ஜான் ஹன்டர் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைப் பார்ப்பதற்கு மேட்லேப் என்ற கணிப்பு மென்பொருள் போன்ற ஒரு கருவி அவருக்குப் பைத்தானில் தேவைப்பட்டது. 2003இல் முதல் பதிப்பு வெளிவந்தது. 2012இல் அவர் காலமானார். மேட்லேப் பழக்கத்தில் பிறந்ததால், பைப்ளாட் (இதன் கட்டளைகள் அடங்கிய பகுதி; நிரலில் சுருக்கமாக பிஎல்டி) வழியாக நாம் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளையும் 'இப்போது கையில் இருக்கும் படம்' எது என்று உள்ளே தேடிப் போய் அதில் வேலை செய்கிறது. நான்கு வரி நிரலுக்கு இது சுகம். நிரல் நீள நீளத் தொல்லை இங்கிருந்துதான் கிளம்பும்.

படத்தைச் சேமித்தால் வெறும் வெள்ளைத் தாள் வருகிறது என்ற புகாரை எடுத்துக்கொள்வோம். ஷோ கட்டளையால் படத்தைத் திரையில் காட்டி, ஜன்னலை மூடிவிட்டு, அதன் பிறகு சேமிக்கும் கட்டளையான சேவ்ஃபிக் கொடுத்திருப்பார்கள். ஜன்னல் மூடியதும் பைப்ளாட் அந்தப் படத்தைத் தன் கணக்கிலிருந்து கழற்றிவிடுகிறது. அடுத்து வரும் சேவ்ஃபிக்குக்குக் கையில் படம் இல்லை. புதிதாக ஒரு காலிப் படத்தைத் திறந்து அதைச் சேமிக்கிறது. ஜூபிடர் நோட்புக்கில் ஒரு செல்லில் வரைந்து அடுத்த செல்லில் சேமித்தாலும் இதே கதி. தொடக்கத்திலேயே சப்ப்ளாட்ஸ் கட்டளையால் படத்தையும் அச்சுப் பரப்பையும் (எக்ஸ், ஒய் அச்சுகளுக்குள் கோடு வரையும் இடம்) ஃபிக், ஏஎக்ஸ் என்று இரண்டு பெயரில் வாங்கிக்கொண்டு, ஃபிக்.சேவ்ஃபிக் என்று எழுதினால் எந்தப் படம் என்ற குழப்பமே வராது. ஒரே ஒரு விஷயம் நினைவிருக்க வேண்டும்: பைப்ளாட்டில் டைட்டில், எக்ஸ்லேபிள் என்று இருப்பவை ஏஎக்ஸில் செட்_டைட்டில், செட்_எக்ஸ்லேபிள் என்று ஆகும்.

சுழற்சியில் நூறு படம் போடுகிறவர்களுக்கு, 20 படங்களுக்கு மேல் திறந்தே இருக்கின்றன என்று எச்சரிக்கை வரும். அதை அடைத்துவிடக் கூடாது. நினைவகம் நிஜமாகவே நிரம்பிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிஎல்டி.க்ளோஸுக்குள் ஃபிக்கைக் கொடுத்து மூட வேண்டும். திரையே இல்லாத சர்வரில் ஓட்டினால் எம்பிஎல்பேக்எண்ட் என்ற சூழல் மாறியில் ஆக் (ஜன்னல் திறக்காமல் வரையும் முறை) என்று வைத்துவிடுங்கள், ஜன்னல் திறக்க முடியவில்லை என்ற எரர் போய்விடும்.

அளவு விஷயத்துக்கு வருவோம். மேட்பிளாட்லிப் அங்குலத்தில் யோசிக்கிறது. 2017இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து இயல்பு அளவு 6.4க்கு 4.8 அங்குலம், டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு) 100. அதாவது 640க்கு 480 பிக்சல். எழுத்தளவும் கோட்டுத் தடிமனும் பாயின்ட்டில், 72 பாயின்ட் ஓர் அங்குலம். இயல்பு எழுத்து 10 பாயின்ட். இந்தப் படத்தைக் கட்டுரையின் 3.2 அங்குல பத்தியில் சுருக்கி ஒட்டினால் எழுத்து 5 பாயின்ட்டாகிவிடும், கண்ணுக்கு எட்டாது. எழுத்து தெரியவில்லையே என்று ஃபிக்சைஸை, அதாவது படத்தின் அளவை, இன்னும் பெரிதாக்குகிறவர்கள் நிறைய. அதனால் எழுத்து இன்னும் சிறுக்கும். தாளில் எந்த அகலத்தில் வரப்போகிறதோ அந்த அகலத்தையே ஃபிக்சைஸில் கொடுத்து, எழுத்தை 8 பாயின்ட்டில் வைத்து, சேமிக்கும்போது டிபிஐ 300 போடுங்கள். டிபிஐ மாறினால் பிக்சல்தான் கூடும், விகிதம் அப்படியே நிற்கும். புள்ளிப் படத்தில் இன்னொரு கண்ணி: ஸ்கேட்டரின் எஸ் என்பது பரப்பளவு, ப்ளாட்டின் மார்க்கர்சைஸ் என்பது விட்டம். புள்ளி இரண்டு மடங்கு அகலமாகத் தெரிய எஸ்ஸை நான்கு மடங்காக்க வேண்டும்.

அச்சுப் பெயர் பாதியில் வெட்டுப்படுவதற்குக் காரணம், ஓரத்தில் விடும் இடம் படத்தின் அளவில் ஒரு நிலையான பங்காக இருப்பதுதான். இடப்பக்கம் 12.5 சதவீதம், கீழே 11 சதவீதம். நீளமான ஊர்ப்பெயர் அதற்குள் அடங்காது. சப்ப்ளாட்ஸ் கொடுக்கும்போதே லேஅவுட் என்பதற்கு கன்ஸ்ட்ரெயின்ட் என்று வைத்தால், ஒவ்வொரு முறை வரையும்போதும் எழுத்தை அளந்து இடம் ஒதுக்கும். பழைய டைட்_லேஅவுட்டும் செய்யும்தான், ஆனால் கூப்பிட்ட அந்த நேரத்து நிலையை வைத்துச் செய்யும். பிறகு லேபிளை மாற்றினால் மறுபடி கூப்பிட வேண்டும். பலர் பரிந்துரைக்கும் பிபாக்ஸ்_இன்ச்சஸ் டைட் என்ற வழி, சேமிக்கும்போது எழுத்தைச் சுற்றி வெட்டி எடுப்பது. வலைப்பக்கத்துக்குச் சரி. ஆனால் கோப்பின் அகலம் நாம் கேட்ட அகலமாக இராது. பத்தி அகலத்துக்குக் கணக்குப் போட்டவர்கள் இதைத் தொடவே கூடாது. லெஜண்டை (எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் பெட்டியை) வெளியே வைக்க, லோக்கை அப்பர் லெஃப்ட் என்றும் பிபாக்ஸ்_டு_ஆங்கரை (1.02, 1) என்றும் கொடுங்கள், பெட்டியின் இடது மேல் மூலை, அச்சுப் பரப்பின் வலது விளிம்பைத் தாண்டிச் சற்றே தள்ளி நிற்கும்.

இனி வருவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் படம் அழகாகவே இருக்கும்.

சென்னையின் பன்னிரண்டு மாத மழையளவை 0 முதல் 11 வரை எண்ணிட்டுக் கோடாக வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அச்சில் மாதப் பெயர் வர வேண்டும் என்று செட்_எக்ஸ்டிக்லேபிள்ஸுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு பட்டியலைக் கொடுக்கிறோம். மேட்பிளாட்லிப் தானாக வைத்த குறிகள் மைனஸ் 2, 0, 2, 4 என்று இரண்டிரண்டாகப் போகின்றன. முதல் குறி படத்துக்கு வெளியே ஒளிந்திருக்கிறது. ஜனவரி என்ற பெயர் அந்த ஒளிந்த குறிக்குப் போய்விடும். 0இல், அதாவது ஜனவரித் தரவின் மேல், பிப்ரவரி என்று வரும். மார்ச் தற்செயலாகச் சரியான இடத்தில் விழும். அதற்கப்புறம் வழுக்கிக்கொண்டே போய், எண் 10இல் உள்ள நவம்பர் மழைக்குக் கீழே ஜூலை என்று எழுதியிருக்கும். வடகிழக்குப் பருவமழையின் உச்சம் ஜூலையில்! ஊர் தெரிந்தவர் பார்த்தவுடன் பிடித்துவிடுவார். தெரியாத ஊரின் தரவென்றால் அப்படியே அறிக்கையில் ஏறிவிடும். திரையில் ஓர் எச்சரிக்கை வரும், ஆனால் அது எரர் இல்லை என்பதால் பலரும் தாண்டிப் போகிறார்கள்.

தீர்வு ஒரே வரி: செட்_எக்ஸ்டிக்ஸுக்கு இடங்களையும் பெயர்களையும் சேர்த்தே கொடுப்பது. 3.5 பதிப்பு முதல் இது முடியும். அதற்கு முந்தையது என்றால் முதலில் செட்_எக்ஸ்டிக்ஸ், பிறகு செட்_எக்ஸ்டிக்லேபிள்ஸ். இடம் சொல்லாமல் பெயர் மட்டும் கொடுக்க விடுவது இந்த லைப்ரரியின் மிகப் பெரிய வடிவமைப்புத் தவறு என்றே சொல்வேன்.

இதற்கு அண்ணன் தம்பி போல இன்னொன்று. சிஎஸ்வி கோப்பில் ஒரே ஒரு கட்டத்தில் கோடு கிழித்திருந்தாலோ, 1,250 என்று கமா போட்டிருந்தாலோ, பாண்டாஸ் அட்டவணையின் அந்தப் பத்தி முழுவதையும் எழுத்தாகப் படித்துவிடும். மேட்பிளாட்லிப் எழுத்தைக் கண்டால் அதை வகைப்பெயர் என்று எடுத்துக்கொண்டு, வந்த வரிசையில் சம இடைவெளியில் அடுக்கும். 42, 7, 310 என்று அச்சு ஏறுவரிசை இல்லாமல் மேலே போகும். தேதிக்கும் இதே நிலைதான்: முன்னூறு தேதிகளும் முன்னூறு லேபிள்களாகி அடியில் கறுப்புப் பட்டையாகத் தெரியும். சாய்த்தோ சிறுத்தோ இதைச் சரிக்கட்ட முயல வேண்டாம். பாண்டாஸில் டிடைப்பை, அதாவது பத்தியின் தரவு வகையைப் பாருங்கள், கமாவை நீக்கிவிட்டு டு_நியூமெரிக், தேதிக்கு டு_டேட்டைம். சரியான தேதியாக மாறியதும் குறிகளை அதுவே பார்த்து வைக்கும். கன்சைஸ்டேட்ஃபார்மேட்டர் சேர்த்தால் ஆண்டு ஒவ்வொரு லேபிளிலும் திரும்பத் திரும்ப வராது.

பத்து லட்சத்தைத் தொட்டதும் அச்சின் தலையில் 1இ6 (எண்களைப் பத்து லட்சத்தால் பெருக்கிப் படி என்று பொருள்) என்று ஒரு குறிப்பு முளைக்கும். டிக்லேபிள்_ஃபார்மேட்டில் ஸ்டைலை ப்ளெயின் என்று வைத்தால் போகும். ஆனால் எண்ணில் கமா தானாக வராது; கேட்டு வாங்கினாலும் மேலைநாட்டு முறைதான், 12,34,567 என்று வராது. மதிப்பையும் வரிசை எண்ணையும் வாங்கிக்கொள்ளும் ஒரு சிறு ஃபங்ஷன் எழுதி, 1,00,000ஆல் வகுத்து, செட்_மேஜர்_ஃபார்மேட்டரிடம் கொடுத்துவிட்டு, அச்சின் பெயரில் ரூபாய், லட்சத்தில் என்று ஒரு முறை எழுதுவது கண்ணுக்கு நல்லது.

இனி தமிழ். இயல்பு எழுத்துருவான டேஜாவு சான்ஸில் தமிழ் இல்லை. அதனால் முதலில் கட்டம் கட்டமாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவி, ஃபான்ட்.ஃபேமிலியில் டேஜாவு சான்ஸ், நோட்டோ சான்ஸ் தமிழ் என்று இரண்டையும் பட்டியலாகக் கொடுத்தால், 3.6 பதிப்பு முதல் இல்லாத எழுத்தை அடுத்த எழுத்துருவில் தேடும். நிறுவிய பிறகும் எழுத்துரு கிடைக்கவில்லை என்றால், மேட்பிளாட்லிப் பழைய பட்டியலைச் சேமித்து வைத்திருக்கிறது. அதன் கேஷ் கோப்புறையில் ஃபான்ட்லிஸ்ட் என்று தொடங்கும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அல்லது ஃபான்ட்மேனேஜரின் ஆட்ஃபான்டுக்குக் கோப்பின் பாதையை நேரே கொடுங்கள்.

கட்டம் போய்விடும், எழுத்து வந்துவிடும். ஆனால் மக்கள்தொகை என்று தலைப்பிட்டுப் பாருங்கள். தொ வர வேண்டிய இடத்தில் த முதலில் நிற்கும். அதன் முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் க, அதற்கப்புறம் ஐகாரக் குறி. யுனிகோடில் உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது; அதை முன்னால் கொண்டுவருவதும், கு, கூ போன்றவற்றுக்கு ஒட்டெழுத்து வடிவம் தேடுவதும் எழுத்துக்கோப்பு இயந்திரத்தின் வேலை. 3.10 பதிப்பு வரை மேட்பிளாட்லிப் அந்த வேலையைச் செய்வதில்லை, குறியீடுகளை வந்த வரிசையில் வரைந்துவிடுகிறது. எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லை.

பிடிஎஃப் வேண்டுமென்றால், சேவ்ஃபிக்கில் பேக்எண்ட் (படத்தைக் கோப்பாக வரைந்து தரும் பகுதி) பிஜிஎஃப் என்று கொடுத்து எழுத்தை ஸீலேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளிடம் ஒப்படைக்கலாம். பிஜிஎஃப்.ஆர்சிஃபான்ட்ஸை ஃபால்ஸ் ஆக்கி, பிரியாம்பிளில் (லேடெக்குக்கு முன்கூட்டியே தரும் அமைப்பு வரிகளில்) எழுத்துருவோடு ஸ்கிரிப்ட் தமிழ் என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். அதை விட்டால் கொம்பு மறுபடி இடம் மாறும். லேடெக் இல்லாதவர்களுக்கு எம்பிஎல்கெய்ரோ என்ற தனி பேக்எண்ட் உண்டு, ராக்ம் என்ற லைப்ரரியின் துணையோடு தமிழைச் சரியாகக் கோக்கும்.

எல்லாவற்றிலும் எளிது, பிரவுசரில் திறக்கும் எஸ்விஜி படக் கோப்பு வகை. எஸ்விஜி.ஃபான்ட்டைப் என்ற அமைப்பு இயல்பாக எழுத்தைக் கோடுகளாக மாற்றிவிடும். அதை நன் என்று வைத்தால் எழுத்து எழுத்தாகவே கோப்பில் போகும், கோக்கும் வேலையை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். மேட்பிளாட்லிப் உடைந்த வடிவத்தை வைத்து அகலத்தை அளந்திருக்கும் என்பதால் லெஜண்ட் பெட்டி சற்று அகன்றோ குறுகியோ இருக்கலாம். பார்க்கிறவரின் கணினியிலும் அந்தத் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். இல்லாத இடத்துக்கு அனுப்புவதென்றால் எஸ்விஜியை இங்க்ஸ்கேப்பில் திறந்து, எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாதையாக மாற்றிச் சேமித்து அனுப்புங்கள். மக்கள்தொகையின் கொம்பு த-வுக்கு முன்னாலேயே நிற்கும்.