உண்மை லிம்பெட்டா, போலி லிம்பெட்டா?

கடலோரப் பாறையில் விரல் நகம் அளவுக்குக் கூம்பு ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கடல் நத்தையைப் பார்த்ததும் லிம்பெட் என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவோம். அது பட்டெல்லா, செல்லானா போன்ற உண்மை லிம்பெட்டாக இருக்கலாம். சைஃபனேரியா என்ற போலி லிம்பெட்டாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பாசி படிந்துவிட்டால் எல்லாமே ஒரே நிறம்தான்.

முதலில் ஓட்டின் விளிம்பைப் பாருங்கள். உண்மை லிம்பெட்டின் ஓடு இடமும் வலமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். சைஃபனேரியாவில் வலப்பக்கம் மட்டும் ஒரு வரி தடித்து, விளிம்பைத் தாண்டிப் புடைத்து நிற்கும். காற்றும் நீரும் போய்வரும் வழி அது.

காலி ஓடு கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். கவிழ்த்து உள்ளே பாருங்கள். தசை ஒட்டியிருந்த தழும்பு இரண்டிலும் லாட வடிவில்தான் இருக்கும். ஆனால் அதன் திறப்பு உண்மை லிம்பெட்டில் தலைப்பக்கம், சைஃபனேரியாவில் வலப்பக்கம். ஓடு தேய்ந்து போயிருந்தாலும் இந்தத் தழும்பு பெரும்பாலும் தெரியும், அதனால் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

உயிரோடு இருப்பதில் தலையைப் பார்க்க முடிந்தால், உண்மை லிம்பெட்டுக்கு இரண்டு உணர்கொம்புகள் உண்டு, மற்றதற்குக் கிடையாது. அதற்காகக் கத்தியால் நெம்பி எடுக்காதீர்கள், பிழைக்காது. அப்புறம், பக்கத்துப் பாறையில் வழவழப்பான முட்டைச் சுருள் ஒட்டியிருந்தால் சைஃபனேரியாவைச் சந்தேகிக்கலாம். உண்மை லிம்பெட்டுகள் பெரும்பாலும் முட்டையை நேரே கடலில் விட்டுவிடும்.