டிரில் மெஷினால் பாய் ஏற்றிய மூன்று ஆண்டுகள்

வலது தோள்பட்டையில் சவ்வு கிழிந்த பிறகு, மருத்துவர் எனக்கு விதித்த தடைகளின் பட்டியலில் பாய்மரப் படகு இல்லை. அவருக்கு அப்படி ஒன்று என்னிடம் இருப்பது தெரியாது. புதுச்சேரியில் ஒருவர் விற்ற 22 அடி ஃபைபர் படகை லாரியில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுவந்து, வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் கட்டிவைத்திருந்தேன். அதில் இரண்டு வின்ச்சுகள், அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளைகள். ஒன்று பெரிய பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றுக்கு. மற்றொன்று முன்பாயின் தாமான் கயிற்றை இழுத்துக் கட்ட. இரண்டையும் 25 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியால் சுற்ற வேண்டும். பத்துச் சுற்று சுற்றினால் அன்று இரவு தூக்கம் போய்விடும்.

மின்சார வின்ச் வாங்கலாமே என்றால், அதன் விலைக்கு இன்னொரு பழைய படகே வாங்கிவிடலாம். தனி பேட்டரி, விரல் தடிமனில் கம்பி, தளத்தில் ஓட்டை என்று வேலையும் பெரியது. அதனால், கையில் பிடிக்கும் பேட்டரி டிரில்லை வின்ச்சின் தலையில் மாட்டிச் சுற்றும் வழிக்கு வந்தேன். வெளிநாட்டுப் படகுக்காரர்கள் பல ஆண்டுகளாகச் செய்வதுதான். அதற்கான முனையைத் தயாராகவே விற்கிறார்கள். எனக்கு அதையும் வாங்க மனமில்லை.

வின்ச்சின் உச்சியில் எட்டு முனை நட்சத்திர வடிவக் குழி இருக்கும். பார்க்க மிரட்டும், உண்மையில் அது ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்த வடிவம்தான். பக்கத்துக்குப் பக்கம் 11/16 அங்குலம், அதாவது ஏறக்குறைய 17.5 மில்லிமீட்டர். எனவே 17.4 மில்லிமீட்டர் சதுரக் கட்டை ஒன்று கச்சிதமாக உட்காரும். இராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் காகிதத்தில் வரைந்து காட்டினேன். "அண்ணே, இது எந்த வண்டிக்கு?" என்று கேட்டார் மேஸ்திரி. படகுக்கு என்றதும் என்ஜினின் குதிரைத்திறனை விசாரித்தார். என்ஜினே இல்லை, பாய் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை. நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

முதல் முனை சாதாரண இரும்பு. அது என் கஞ்சத்தனம். ஒரு ஞாயிறு மாலை அதைக் குழியிலேயே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு அது வின்ச்சோடு ஒன்றாகியிருந்தது. துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி, மரச்சுத்தியால் தட்டித் தட்டி எடுக்க ஒரு பகல் போயிற்று. இரண்டாவது முனை 316 தர எவர்சில்வர். கீழே சதுரம், மேலே டிரில்லின் 13 மில்லிமீட்டர் வாய்க்குள் நுழையும் தண்டு, அந்தத் தண்டில் வழுக்காமலிருக்க மூன்று பட்டைகள் தேய்த்த தட்டை முகம். இதோடு மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன, விளிம்பு மழுங்கவில்லை. செலவு 1,100 ரூபாய்.

டிரில் 18 வோல்ட், கரித்துண்டு இல்லாத மோட்டார், 60 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. என் வின்ச்சுகளின் அளவு எண் 16. கைப்பிடியில் ஒரு கிலோ அழுத்தினால் கயிற்றில் 16 கிலோ இழுக்கும் என்று பொருள். 60 நியூட்டன் மீட்டரை 25 சென்டிமீட்டர் கைப்பிடியின் கணக்குக்கு மாற்றினால் 24 கிலோ அழுத்தம். 16 மடங்கு என்றால் 380 கிலோவுக்கு மேல். உராய்வில் கொஞ்சம் போகும். போனாலும், பத்துச் சதுர மீட்டர் பாய்க்கு இது அளவுக்கு மிஞ்சிய பலம். அந்த மிஞ்சிய பலத்தை நான் அப்போது நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் மாதமே பாடம் வந்தது. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நிதானமாக வீசிய ஒரு காலை. தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளித்துக்கொண்டிருக்க, வடகடல் குளம் போலக் கிடந்தது. டிரில்லை அழுத்தினேன், பாய் சரசரவென்று ஏறியது. மேலே பாயின் ஓரம் பாய்மரக் கம்பியில் சிக்கியிருந்ததை நான் பார்க்கவில்லை. கையால் சுற்றியிருந்தால் கைப்பிடி கனத்ததுமே நின்றிருப்பேன். டிரில்லுக்குக் கனம் தெரியாது. பாயின் தலைப்பகுதி ஒன்றரை அடி கிழிந்தது. அதே நொடியில் கயிறு இறுகி வின்ச் நின்றது. டிரில் நிற்கவில்லை, தானே சுழன்று என் இடது மணிக்கட்டைத் திருகியது. தோளைக் காப்பாற்றப் போய் மணிக்கட்டுக்குக் கட்டுப்போட்ட கதையை வீட்டில் இன்றுவரை விருந்தாளிகளுக்குச் சொல்கிறார்கள்.

கணக்கு பிறகுதான் புரிந்தது. டிரில்லோடு வரும் பக்கவாட்டுக் கைப்பிடியின் நீளம் 20 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 60 நியூட்டன் மீட்டர் அதன் நுனியில் 30 கிலோ தள்ளும். கைப்பிடியை 40 சென்டிமீட்டருக்கு நீட்டினால் அது 15 கிலோவாகிவிடும். ஒரு துண்டு இரும்புக் குழாயைச் செருகி நீட்டினேன். அதோடு, டிரில் திரும்பும் திசையில் அந்தக் குழாய் படகின் அறைச் சுவரில் போய்ச் சாயும்படி நின்றுகொள்வேன். முறுக்கைச் சுவர் வாங்கிக்கொள்ளும். சுவருக்கும் குழாய்க்கும் நடுவே விரல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமானது கிளட்ச் வளையம். டிரில்லின் கழுத்தில் எண்கள் போட்ட வளையம் இருக்கிறதே, அதைத் துளையிடும் படத்தில் வைத்தால் கிளட்ச் வேலை செய்யாது; முழு விசையும் போகும். நான் அன்று அதில்தான் வைத்திருந்தேன். எண்ணில் வைத்தால் குறிப்பிட்ட விசை வந்ததும் கடகடவென்று வழுக்கி நின்றுவிடும். என் பாய்க்கு எந்த எண் போதும் என்பதைக் கரையில் கட்டியிருக்கும்போதே சின்ன எண்ணிலிருந்து மேலேறிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். 11. அதற்கு மேல் வைப்பதில்லை. கியர் எப்போதும் ஒன்றில். சுத்தியல் போல அடிக்கும் இம்பாக்ட் வகைக் கருவியைப் பயன்படுத்தலாமா என்று மாப்பிள்ளை கேட்டான். வின்ச்சுக்குள், உருளை பின்னோக்கி ஓடாமல் பிடிக்கும் தடுப்பு நாக்குகளும் தலைமயிர் போன்ற ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. அவற்றின் மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் சம்மட்டி அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒருவராகக் கடலுக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். டிரில்லுக்கு இரண்டு கைகள் வேண்டும். வின்ச்சிலிருந்து வெளியே வரும் கயிற்றின் வாலை இழுத்துப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். வாலைத் தானே பிடித்துக்கொள்ளும் வின்ச் என்றால் கவலையில்லை. என்னுடையவை பழைய வெறும் உருளைகள். உருளையின் மேல் பொருத்தும் ரப்பர் வளையம் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். காய்ந்த கயிற்றைப் பிடிக்கிறது, நனைந்த கயிற்றில் வழுக்குகிறது. கடலில் காய்ந்த கயிறு ஏது? ஆகவே என் தங்கை மகன் இல்லாத நாட்களில் நான் பாய் ஏற்றுவதில்லை. மூன்று சுற்றுக்குக் குறையாமல் உருளையில் சுற்றி, வால் தளராமல் அவன் பிடிக்க வேண்டும். தளர்ந்தால் ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறிப் பூட்டிக்கொள்ளும். டிரில் வேகத்தில் அது கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும்.

இப்போது நான் செய்வது இப்படி: முக்கால் உயரம் வரை அவன் வெறுங்கையால் ஆஞ்சானை இழுக்கிறான், அது லேசானதுதான். கடைசி இரண்டு மீட்டருக்கு மட்டும் டிரில். நான் மேலே பாயைப் பார்த்துக்கொண்டு அழுத்துகிறேன், வின்ச்சைப் பார்ப்பதில்லை. கடைசி ஒரு சாண் மீண்டும் கைப்பிடியால். இடது கையால் சுற்றுகிறேன், வலிப்பதில்லை. தாமான் கயிற்றுக்கு டிரில்லை முற்றிலும் நிறுத்திவிட்டேன். காற்று ஒவ்வொரு நிமிடமும் மாறும்போது ஒரு சாண் இழுத்து, அரைச் சாண் விடும் வேலை அது. அதற்குப் போய்ப் பெட்டியைத் திறந்து டிரில்லை எடுப்பதற்குள் காற்று வேறு பக்கம் போய்விடுகிறது.

நான் எதிர்பார்க்காத பெரிய பயன் நங்கூரத்தில் கிடைத்தது. பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு, ஆனால் சேறு நங்கூரத்தை விடாது. கயிற்றை வின்ச்சுக்குக் கொண்டுவந்து, படகு நங்கூரத்துக்கு நேர் மேலே வரும்வரை டிரில்லால் இழுத்து, கட்டிவிட்டு, இரண்டு அலை தூக்கிக் கொடுக்கும்வரை பொறுத்திருப்பேன். சேறு விட்டதும் மீண்டும் டிரில். பக்கத்து வல்லத்தின் (நாட்டுப்படகு) சொந்தக்காரரான சம்மாட்டி இதைப் பார்த்து, "தம்பி, வீட்டில் சுவரில் ஓட்டை போட ஆள் வந்திருக்கிறது என்று நினைத்தேன்" என்றார். பிறகு விலையைக் கேட்டார். (தென்கடல் தீவுகளின் பக்கம் இதையெல்லாம் முயல வேண்டாம், 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, அடியில் பவளப்பாறை.)

பராமரிப்பில் என்னைத் தோற்கடித்தது கடலைவிட வெயில்தான். முதல் ஆண்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளின் தடைக்காலம். கரையில் எல்லாம் ஓய்ந்திருக்க, நானும் ஓய்ந்து, இரண்டு பேட்டரிகளையும் முழு சார்ஜில் படகுப் பெட்டிக்குள்ளேயே மறந்துவிட்டேன். மே மாத வெயிலில் அந்தப் பெட்டி அடுப்பு. திரும்பி வந்தபோது ஒன்று செத்திருந்தது. மற்றொன்று பாதி சக்தியோடு இன்னும் இருக்கிறது. இப்போது பாதி சார்ஜில் வீட்டில், நிழலில். ஒரு பாயேற்றத்துக்கும் ஒரு நங்கூரத்துக்கும் பேட்டரியில் சிறு பங்குதான் செலவாகிறது, எனவே ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

உப்புக்கு: ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்தி, வாய்ப்பகுதியில் துளி எண்ணெய். அப்படியும் மூன்றாம் ஆண்டில் வாயின் தாடைகள் துருவேறிக் கையால் இறுகவில்லை. வின்ச்சையும் ஆண்டுக்கு இரு முறை பிரிக்கிறேன். பற்சக்கரங்களுக்கு கிரீஸ், தடுப்பு நாக்குகளுக்கு மெல்லிய எண்ணெய் மட்டும், கிரீஸ் பட்டால் அவை ஒட்டிக்கொண்டு உருளை பின்னோக்கி ஓடும். கடலில் விழாமலிருக்க டிரில்லுக்குக் கட்டிய கயிறு ஒரு நாள் சுழலும் வாயிலேயே சுற்றிக்கொண்டது. இப்போது அதைப் பின்பக்கம், பேட்டரிக்கு மேலே கட்டியிருக்கிறேன்.

டிரில், மாற்றுப் பேட்டரி, இரண்டு முனைகள், கிழிந்த பாயைத் தைத்த கூலி எல்லாம் சேர்த்து இதுவரை 15,000 ரூபாய்க்குச் சற்று மேல். அடுத்த மாதம் வாடைக்கு முன் படகைக் கரையேற்றும்போது புதிய வாய்ப்பகுதி மாற்ற வேண்டும். மேஸ்திரியிடம் இன்னொரு முனையும் சொல்லிவைத்திருக்கிறேன். அது எனக்கல்ல, சம்மாட்டிக்கு.