எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்): பாத்ரூம் உப்புக்கறைக்கும் நாற்றத்துக்கும் வாங்கலாமா?

வாங்கலாம். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கடைக்குக் கிளம்பிவிடலாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள், ஏனென்றால் இதைத் தொடவே கூடாத வீடுகளும் உண்டு.

நாங்கள் இருப்பது சென்னையின் தென் புறநகரில், போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு அடுக்குமாடியில். இரவு வாளியில் பிடித்து வைத்தால் காலையில் மேலே மெல்லிசாக வெள்ளை ஆடை கட்டியிருக்கும். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. எங்கள் போர் அந்த இரண்டாவது எல்லையையும் தாண்டியது. அப்படிப்பட்ட தண்ணீரில் குளித்தால் முடி என்ன ஆகும் என்பது தனிக் கதை, இங்கே டைல்ஸ் பற்றி மட்டும் பேசுவோம்.

பாத்ரூம் நாறுகிறது என்றதும் எல்லோரும் முதலில் வாங்குவது வாசனைதான். மல்லிகைக் கட்டி, லாவெண்டர் பாக்கெட், அதுவும் இல்லாவிட்டால் வாஷ்பேசினில் நாலு பாச்சை உருண்டை. மூத்திர வாடை போகாது, அதன் மேல் மல்லிகையும் ஏறி உட்கார்ந்துகொள்ளும், வீட்டுக்குள்ளேயே பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடம் திறந்த மாதிரி இருக்கும். பாச்சை உருண்டையில் இன்னொரு சங்கடம், அது நாஃப்தலீன். ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடையே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதை வைக்காமல் இருப்பதே நல்லது.

உண்மையில் நாற்றம் தங்குவது அந்த வெள்ளைப் படிவத்தில்தான். உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும், தண்ணீர் காயக் காய, டைல்ஸ் மேல் கார்பனேட்டாக ஒட்டிக்கொள்கின்றன. சோப்புப் போட்டால் அந்தக் கால்சியம் சோப்போடும் சேர்ந்து பிசுக்காகிவிடும். வழவழவென்று இருந்த டைல்ஸ் சொரசொரப்பாகிறது, அந்தச் சொரசொரப்பில் சிறுநீர் தங்குகிறது, அதிலிருக்கும் யூரியாவைப் பாக்டீரியா உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. மூக்கில் குத்துவது அதுதான். இதன் மேல் பினாயிலை எத்தனை மூடி ஊற்றினாலும் படிவம் அசையாது, ஏனென்றால் கார்பனேட்டைக் கரைக்க அமிலம் வேண்டும்.

சரி, எந்த அமிலம்? தெருவில் மூன்று சக்கர வண்டியில் பினாயில், ப்ளீச்சிங் பவுடரோடு விற்றுக்கொண்டு வருவாரே, அந்த மஞ்சள் நிற ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம், பொங்கிக்கொண்டு வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புகை நெஞ்சை அடைக்கும், குழாயின் குரோம் பூச்சு கறுத்து உரியும், டைல்ஸ் இடுக்கு சிமென்ட்டை அரித்து அடுத்த வருஷம் கீழ்வீட்டுக்காரர் ஈரச் சுவரைக் காட்டிக்கொண்டு மேலே வருவார். ஆசிட் வீச்சு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம், வாங்குபவரின் அடையாளத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதாமல் ஆசிட் விற்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. பழைய தண்ணீர் பாட்டிலில் லேபிள் கூட இல்லாமல் வாங்கி அடுக்களைக்குப் பக்கத்தில் வைக்கிற பொருளா அது? எனக்கு வேண்டாம்.

ஹார்பிக்கிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், சுமார் 10 சதவீதம், கூழாக்கி வைத்திருப்பதால் கோப்பையின் சுவரிலேயே ஒட்டி நிற்கும். கமோடுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை என்பதே என் எண்ணம். ஊற்றி 20 நிமிஷம் விட்டுத் தேய்த்தால் போதும். ஆனால் அது கமோடுக்கு மட்டும். பளபளவென்று ஆகும் என்று குழாயிலும் ஷவரிலும் அதையே தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

மீதி எல்லாவற்றுக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். நாட்டு மருந்துக் கடையில், கேக் சாமான் விற்கும் கடையில், ஆன்லைனில் என எங்கும் கிடைக்கிறது. நான் வாங்கியது கிலோ 200 ரூபாய் முன்னே பின்னே. இதையே அழகான டப்பாவில் போட்டு டைல்ஸ் க்ளீனர் பவுடர் என்று மூன்று மடங்கு விலைக்கும் விற்கிறார்கள், பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்தால் முதல் பெயர் சிட்ரிக் ஆசிட்டாகவே இருக்கும்.

ஒரு லிட்டர் வெந்நீருக்கு மூன்று மேசைக்கரண்டி. ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி டைல்ஸ் மேல் அடித்துவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பார்க்கலாம், நடுவில் காய்ந்துவிடாமல் இன்னொரு தடவை அடிக்க வேண்டும், காய்ந்தால் வேலை நின்றுவிடும். குழாய்க்கு ஸ்ப்ரே போதாது, பழைய வேட்டித் துணியைக் கரைசலில் நனைத்துச் சுற்றி வைக்க வேண்டும். ஷவர் தலையைக் கழற்ற முடியாவிட்டால் கரைசல் நிரப்பிய பிளாஸ்டிக் பையை அதில் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் அடைந்துபோன துளைகளும் திறந்துகொள்ளும். அப்புறம் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு, நிறைய தண்ணீர் விட்டு ஒரு கழுவல், வைப்பரால் ஒரு இழுப்பு. தனக்கென்று வாடை எதுவும் இல்லாததுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கழுவி முடித்த பாத்ரூம் எந்த வாசனையும் இல்லாமல் வெறும் தண்ணீர் வாசனையோடு இருக்கிறது. தலைக்கு மேலே மட்டும் அடிக்காதீர்கள், கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும். கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி குறைகள். ஆசிட்டின் வேகம் இதற்குக் கிடையாது, வருஷக்கணக்கில் தடித்துப்போன படிவத்தை ஒரே நாளில் எடுத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கண்ணாடிக் கதவில் ஊறிப்போன பழைய புள்ளிகள் மங்குமே தவிர முழுசாகப் போகாது. மார்பிள், மொசைக், கடப்பா கல் உள்ள வீடுகளில் இதைத் தொடவே கூடாது, அவற்றில் இருப்பதும் அதே கால்சியம் கார்பனேட், அழுக்கோடு சேர்ந்து தரையும் கரைந்து பளபளப்பு போய்விடும். பழைய வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சிலிக்கான் ஓரத்தில் படரும் கறுப்புப் பூஞ்சையையும் இது அசைக்காது, அதற்கு ப்ளீச் வேண்டும். ஆனால் ப்ளீச்சை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ப்ளீச்சிங் பவுடரும் எந்த அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டிப்பாகச் சுத்தமாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பினாயில் வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும், படிவம் போன பிறகு. கறுப்புப் பினாயில் லேபிளில் ஆர்.டபிள்யூ.சி என்று ஒரு எண் இருக்கும், ஃபீனாலோடு ஒப்பிட்டு அதன் கிருமிநாசினி வலிமையைச் சொல்வது, எண் கூடினால் வலிமை கூடும். எண்ணே போடாத பாட்டிலில் வாடை மட்டும்தான் உத்தரவாதம். வீட்டில் பூனை இருந்தால் கறுப்பு வேண்டாம், ஃபீனால் வகைகளைப் பூனையின் ஈரலால் சமாளிக்க முடியாது. கழுவின தரையில் நடந்து காலை நக்கினாலே போதும், உடம்புக்கு வந்துவிடும்.

இவ்வளவும் செய்தும் சாக்கடை வாடை அடிக்கிறதா? அப்படியானால் டைல்ஸைத் தேய்த்துப் பயனில்லை, தரையில் தண்ணீர் போகும் இடத்தின் சல்லடையைத் தூக்கிப் பாருங்கள். அடியில் நஹானி ட்ராப் இருக்கும். அதில் சுமார் இரண்டு அங்குல உயரத்துக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், குழாயிலிருந்து வாயுவும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். யாரும் புழங்காத பாத்ரூமில் வெயில் காலத்தில் அது வற்றிவிடும். வாரம் ஒரு முறை ரெண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும், ஊருக்குப் போகும்போது மேலே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுப் போனால் சீக்கிரம் ஆவியாகாது. சில மாடல்களில் உள்ளே கவிழ்த்து வைத்த கிண்ணம் ஒன்று இருக்கும், எங்கள் வீட்டில் அடைப்பு எடுக்க வந்த ப்ளம்பர், முடி சிக்குகிறது என்று அதைக் கழற்றி ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதை அதன் இடத்தில் மாட்டியதும் வாடை நின்றது, செலவு ஒன்றுமில்லை.

ஒரு கிலோ பாக்கெட் எங்கள் இரண்டு பாத்ரூமுக்கு மாதக்கணக்கில் வருகிறது. மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும், அதனால் பிரித்ததும் இறுக்கமான டப்பாவில் கொட்டி, மேலே பெரிய எழுத்தில் பெயர் எழுதி, அடுக்களையிலிருந்து தள்ளி வையுங்கள். பார்க்கச் சர்க்கரையேதான், அதிகாலையில் தூக்கக் கலக்கத்தில் யாராவது காபியில் போட்டுவிடுவார்கள்.