ஒரே மேசைக்கு மூன்று வயசு: காரைக்குடிப் பயணக் குறிப்பு

அப்பா உட்கார்ந்த சாய்வு நாற்காலி, திருமயம் பக்கத்து எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. பிரம்பு கிழிந்து நடுவில் குழி விழுந்திருந்தது. மேலே கோழி அடைந்த அடையாளம். சித்தப்பா, "அடுப்புக்குக் கூட ஆகாது, எதுக்கு இழுத்துட்டுப் போறே?" என்றார். பொங்கல் முடிந்த கையோடு மூன்று வார விடுப்பு இருந்தது. அதைச் சரிசெய்து சிங்கப்பூர் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், காரைக்குடியில் ஒரு கணக்குப்பிள்ளை மேசையும் வாங்க வேண்டும் என்று முடிவுசெய்தேன். இதே எண்ணத்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவுமே என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் கடை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பங்காளிகளுக்குள் பிரியும்போதும் இடிபடும்போதும் வெளியே வந்த சாமான்கள்தான் சரக்கு. வாசலிலேயே தேக்குத் தூண்கள் படுத்திருக்கும். உள்ளே மரவை, அஞ்சறைப்பெட்டி, எனாமல் தூக்கு, ரசம் போன நிலைக்கண்ணாடி, யாரோ ஒரு வீட்டுக் கல்யாணப் போட்டோ. அந்தப் போட்டோக்களை மட்டும் என்னால் நின்று பார்க்க முடியவில்லை. பேரன் பேத்தி யாருக்கும் வேண்டாமல் போய்விட்டது போல.

நான் போன கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே வயசு. "அக்கா, இது நூத்தைம்பது வருசம்." மேசையும் நூத்தைம்பது, அலமாரியும் நூத்தைம்பது, எனாமல் தூக்கும் நூத்தைம்பது. தூக்கைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை. அந்த நாடு பிறந்ததே 1918ல். கடைத்தம்பி சளைக்கவில்லை. "அப்ப நூறு வச்சுக்குங்க" என்றார்.

அலமாரியில் இன்னும் வேடிக்கை. கதவுக் கீலில் இருந்தவை ஸ்டார் ஸ்க்ரூ. தலையில் கூட்டல் குறி போட்ட அந்த ஸ்க்ரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. பின்னால் யாராவது கீல் மாற்றியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆனால் பழைய ஒற்றைக்கோடு ஸ்க்ரூ இருந்த துளைகளும் பக்கத்தில் இருக்க வேண்டுமே? இல்லை. முதுகுப் பலகையும் பிளைவுட். விட்டுவிட்டேன். டிராயரை முழுக்க வெளியே இழுத்து அடியையும் பின்பக்கத்தையும் பாருங்கள். முகப்பை யாரும் பாலிஷ் போட்டுவிடலாம், பின்பக்கத்துக்கு அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். கையால் இழைத்த பலகையில் விரலை ஓட்டினால் லேசான மேடு பள்ளம் தெரியும்.

நான் எடுத்த மேசை அப்படிப்பட்டது. தரையில் சம்மணமிட்டு எழுதும் உயரம், சாய்ந்த மூடி, உள்ளே மூன்று சின்ன அறைகள், ஓர் அறையில் மைக்கூடு வைத்த வட்டக்கறை. பர்மாத் தேக்கு என்றார்கள். தேக்கு என்பது கனத்திலும் வாசனையிலும் தெரிந்தது, பர்மாவா என்பது மரத்துக்குத்தான் தெரியும். 18,000 சொன்னார், 11,500க்கு முடிந்தது. ஈட்டி மரத்தில் அழகான முக்காலி ஒன்றும் காட்டினார். ஆசையாக இருந்தாலும் வேண்டாம் என்றேன். ஈட்டி வகை மரங்கள் 2017லிருந்து பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. சிறிய பொருள்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், அந்தக் காகித வேலைக்கு என் விடுப்பு போதாது.

ஊஞ்சல் பலகை ஒன்றும் கண்ணை இழுத்தது. சிங்கப்பூரில் எங்கள் வீவக வீட்டுக் (அரசு அடுக்குமாடி வீட்டுக்) கூரையின் உயரம் 2.6 மீட்டர். சங்கிலியை எங்கே மாட்டுவது, ஆடினால் கால் எந்தச் சுவரில் இடிக்கும் என்று மனசுக்குள் அளந்து பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

இனி நாற்காலி. இங்கேதான் பணத்துக்கும் மேலான வேலையைப் பார்த்தேன். புதுக்கோட்டையில் பிரம்பு பின்னும் பெரியவர் ஒருவரிடம் ஆட்டோக்காரர் அழைத்துப் போனார். அவருக்குக் கண் தெரியாது. அரசு அலுவலக நாற்காலிகளைப் பின்னிப் பின்னியே ஓய்வு பெற்றவர். சட்டத்தின் ஓரத்தை ஒரு சுற்று தடவினார். "துளை இருக்கு தாயி, நல்லது. நீளப் பள்ளமா காடி வெட்டி இருந்தா கடையில விக்கிற ரெடிமேட் பின்னலை அழுத்தி ஒட்டிருவாங்க, எனக்கு வேலை இல்லை" என்றார். பிறகு வாய்விட்டு எண்ணினார். 212 துளை. துளைக்கு 20 ரூபாய், மொத்தம் 4,240. எண்ணிப் பார்க்கலாம் என்று நானும் எண்ணினேன், 211 வந்தது. மறுபடி எண்ணியபோது அவர் சொன்னதே சரி.

பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, பளபளப்பான பக்கம் மேலே வர, நடுத்துளையில் முளை அடித்துத் தொடங்கினார். நெடுக்கே ஓர் இழை, குறுக்கே ஓர் இழை, மறுபடி நெடுக்கே, மறுபடி குறுக்கே. இந்த நான்காவதில்தான் பின்னலே ஆரம்பிக்கிறது. அதுவரை அடுக்குதான். அப்புறம் இரண்டு பக்கமும் சாய்வாக இரண்டு ஓட்டம். கடைசியில் ஓரத்தில் துளைகளை மூடும் பட்டை. சாய்வு இழை ஒரு கண்ணில் தப்பாக நுழைந்தால் அடுத்த வரிசையில் சிக்கும், சரியாகப் போனால் வழுக்கிக்கொண்டு போகும். "சிக்குச்சுன்னா நான்தான் தப்பு" என்றார். ஈரம் காயும்போது பிரம்பு தானாக இறுகும், அதனால் பின்னும்போது முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாதாம். மூன்று நாள் வேலை. மூன்றாம் நாள் சாயந்தரம் அவர் நகத்தால் சுண்டிக் காட்டினார், தம்புரா மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிளாஸ்டிக் நாரில் பின்னினால் பாதி விலைதான், நீங்கள் தேடிப்போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அதில் இந்தச் சத்தம் வராது, வெயில் பட்டால் தொடையும் சுடும்.

ஒரு தப்பு செய்தேன். பாலிஷ் முதலில், பிரம்பு பிறகு என்றுதான் வரிசை இருக்க வேண்டும். நான் நாள் கணக்குப் பார்த்துப் பிரம்பை முந்திக்கொண்டேன். விளைவு, பாலிஷ்காரர் பின்னலைப் பேப்பர் வைத்து மூடி மூடி வேலை செய்ய வேண்டியதாயிற்று.

பாலிஷில் முதல் அனுபவம் எரிச்சல்தான். மேசையைப் பட்டறை ஒன்றில் விட்டேன். பழைய நிறம் போகக் கூடாது, அழுக்கு மட்டும் போனால் போதும் என்று இரண்டு தரம் சொன்னேன். "சரிக்கா" என்றார்கள். திரும்பிப் போனபோது மெஷின் போட்டுத் தேய்த்து, காப்பிக் கொட்டை நிறத்தில் சாயம் ஏற்றி, மேலே கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடித்திருந்தார்கள். மைக்கூட்டு வட்டமும் போயே போச்சு. புது சோபாக் கடையில் வாங்கிய மாதிரி இருந்தது. சத்தம் போட்டேன். பாதிப் பணம் திரும்பி வந்தது, வட்டம் வரவில்லை. வார்த்தையில் சொல்லாமல், மாதிரிக்கு ஒரு பழைய பொருளைக் கையில் கொண்டுபோய்க் காட்டியிருக்க வேண்டும்.

நாற்காலிக்கு வேறு ஆள் தேடினேன். சித்தப்பா வீட்டுக் கதவு செய்த ஆசாரியின் மைத்துனர், கை பாலிஷ் ஒன்றுதான் தெரியும் என்றார். அதுதான் எனக்கும் வேண்டும். வருசத்துக்கு ஒன்றாக ஏறியிருந்த பெயிண்டைச் சுரண்டி எடுத்ததும் உள்ளே தேக்கின் கோடுகள் வந்தன. உப்புத்தாளை 120ல் தொடங்கி 400 வரை கொண்டுபோனார், எப்போதும் மரத்தின் ஓட்டத்தோடு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் சுற்றி உருண்டையாக்கி, எட்டு எழுதுகிற மாதிரி தேய்த்துக்கொண்டே இருந்தார். பத்துப் பதினைந்து கை ஓடிய பிறகுதான் மினுக்கு எழும்பியது. சூடான டம்ளரை நேராக வைத்தால் வெள்ளை வட்டம் விழும், ஸ்பிரிட் சிந்தினால் கரையும், அது இந்தப் பாலிஷின் குறை. ஆனால் புதுக் கை பழைய கையோடு கரைந்து ஒன்றாகிவிடும் என்பதால், எத்தனை வருசம் கழித்தும் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம். மழைக்காலத்தில் வந்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன், ஈரக்காற்றில் அரக்கு வெளுத்துப் போகும் என்றார். மேசை டிராயரையும் ஓரம் லேசாக இழைத்து விட்டார். "உங்க ஊரு ஈரத்துக்கு மரம் உப்பும். ஓரத்துல மெழுகுவத்தியைத் தேச்சு விடுங்க."

அனுப்பும் வேலையில்தான் மேசையின் வயசு மறுபடி கிளம்பியது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் ஆன கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஓலைச்சுவடி போன்றவற்றுக்கு 75 வருடமே எல்லை. பழசாகத் தெரிகிற பொருளுக்குத் தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறைச் சான்றிதழ் வாங்கிவிட்டால் சுங்கத்தில் தொல்லை இல்லை என்றார் ஏஜெண்ட். நூத்தைம்பது வருசம் என்று விற்ற அதே கடைத்தம்பிக்குப் போன் போட்டேன். கொஞ்சமும் கூசாமல், "பில்லுல அம்பதுன்னு போட்டுத் தரவாக்கா?" என்றார். பில்லில் வயசே வேண்டாம், பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டேன். போட்டோக்களோடு விண்ணப்பம் போய், மேசையும் நாற்காலியும் நூறுக்கு உட்பட்டவை என்று சான்றிதழ் வந்தது. நாற்காலி 1961ல் அப்பா வாங்கியது, அதில் சந்தேகமில்லை. மேசைக்கு மட்டும் கடையில் ஒன்று, பில் பேச்சில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்று மூன்று வயசு.

கப்பலில் கன மீட்டர் கணக்கில் வாங்குகிறார்கள். பச்சை மரச்சட்டம் வேண்டாம், பிளைவுட் பெட்டி போடுங்கள் என்று கேளுங்கள். சட்டம் என்றால் சூடேற்றி முத்திரை குத்திய கட்டையாக இருக்க வேண்டும், பிளைவுட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே வந்ததும் பொருள் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு மூன்றையும் கூட்டி அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. கையில் கொண்டுவரும் சாமானுக்குப் பயணிகளுக்கு உள்ள சலுகை கப்பல் சரக்குக்குக் கிடையாது. பெட்டி வந்து சேர ஏழு வாரம்.

மேசை ஜன்னலோரம் தரையில் இருக்கிறது, மகள் மடிக்கணினியை அதன் மேல் வைத்து எழுதுகிறாள். எனாமல் தூக்கில் கரண்டிகள். நாற்காலியை எங்கே போட்டாலும் நடக்க இடமில்லை, கடைசியில் டிவி அலமாரியைத் தூக்கி வெளியே போட்டோம். போன வாரம் இருக்கை நடுவில் லேசாகத் தொய்ந்த மாதிரி இருந்தது. பெரியவர் சொல்லி அனுப்பியபடி, அடிப்பக்கம் ஈரத்துணியால் துடைத்து ஒரு ராத்திரி யாரையும் உட்காரவிடாமல் வைத்தேன். காலையில் சுண்டிப் பார்த்தேன், சத்தம் வந்தது.