லேண்ட் ரோவர் 109 ஆம்புலன்ஸ்: வாங்கப் போகிறவருக்கு ஒரு வார்த்தை

மலேசியாவில், எங்கள் பினாங்குக்குப் பக்கத்துச் சுங்கை பட்டாணியில் ஒரு பழைய ராணுவ ஆம்புலன்ஸ் விலைக்கு வந்திருக்கிறது, உன்னிடம் இருக்கிற அதே லேண்ட் ரோவர் 109தான், வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கேட்ட நேரம் சரியில்லை. நேற்றுதான் முன் அச்சைப் பிரித்து மாட்டி முடித்தேன், நகத்துக்குள் போன கறுப்பு இன்னும் போகவில்லை. அதனால் பதிலில் காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

2.25 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், நாலு கியர், லீஃப் ஸ்பிரிங், பின்னால் கேம்பிரிட்ஜ் மார்ஷல் நிறுவனம் கட்டிய பெட்டி என்பதெல்லாம் வாங்க நினைக்கிறவருக்குத் தெரிந்ததுதான். விற்கிறவரும் "உடம்பு அலுமினியம், துருவே பிடிக்காது" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவார். உடம்புக்குப் பிடிக்காது, சரி. சேசிஸ் இரும்பு, கால் வைக்கிற இடத்துத் தகடு இரும்பு, அலுமினியமும் இரும்பும் ஒட்டுகிற இடத்தில் உப்புக்காற்று பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். என் உயிரை எடுப்பது ஸ்விவல் பால்.

முன் அச்சின் இரண்டு முனையிலும் குரோம் பூசிய ஓர் இரும்பு உருண்டை இருக்கும். சக்கரம் இடதும் வலதும் திரும்புவது அதன் மேல்தான், உள்ளே யுனிவர்சல் ஜாயின்ட் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும், அந்த எண்ணெய் வெளியே வராமல் ஒரு ரப்பர் சீல் உருண்டையை அணைத்துப் பிடித்திருக்கும். குரோம் வழவழப்பாக இருக்கும்வரை எல்லாம் சுகம். ஊசிமுனை அளவுக்கு ஒரு துருப்புள்ளி விழுந்தால் போதும், ஒவ்வொரு திருப்பத்திலும் அது சீலின் உதட்டை அரம் போல ராவும், அப்புறம் போர்ச்சில் இருக்கிற டைல்ஸ் முழுக்க ஈபி 90 கியர் எண்ணெய் வாசனைதான். என் மனைவி சக்கரத்துக்கு அடியில் அட்டை போடுவதை நிறுத்திவிட்டு இப்போது பழைய பேக்கிங் தட்டு வைக்கிறாள், அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டே.

நியாயமாகச் சொன்னால் குறை வண்டியில் இல்லை. ராணுவத்தில் இது தினமும் ஓடியது, உருண்டை எப்போதும் எண்ணெயில் நனைந்தே இருந்தது, பார்த்துக்கொள்ளத் தனியாக ஆட்கள் இருந்தார்கள். நம்மிடம் வந்தபிறகு மாதக்கணக்கில் கடலுக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிறது, சீலுக்கு வெளியே தெரிகிற பாதிக் குரோம் பினாங்குக் காற்றில் காய்கிறது. இதையும் பொறுத்துக்கொள்வேன். எனக்கு ஆத்திரம் வருவது மாற்று உருண்டை செய்து விற்கிற ஆட்கள் மேல். வண்டியோடு வந்த ஒரிஜினல் பல வருஷம் தாங்கியது. அதற்குப் பதிலாக நான் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது, பளபளவென்று பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது, அடுத்த மழைக்காலத்திலேயே புள்ளி விட்டது. குரோம் பூசினார்களா, பெயின்ட் அடித்தார்களா என்று தெரியவில்லை. இரும்புக் குண்டு என்பதால் கப்பல் கூலியே பொருளின் விலையை எட்டிவிடுகிறது. புகார் எழுதினால் "உங்கள் நாட்டின் தட்பவெப்பம்" என்று பதில் வருகிறது!

மாற்றுகிற வேலையும் லேசானதல்ல. சக்கரம், பிரேக் டிரம், ஹப், ஸ்டப் ஆக்ஸில், பிரேக் பைப் என்று எல்லாம் கழன்று தரையில் கிடந்த பிறகுதான் உருண்டையின் போல்ட்டுக்கே கை எட்டும். திரும்ப மாட்டும்போது ஷிம் என்கிற மெல்லிய இடைத்தகடுகளைக் கூட்டிக் குறைத்து, ஸ்டீயரிங் கையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்து, எவ்வளவு எடையில் அசைகிறது என்று பார்க்க வேண்டும். அந்தத் தராசு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது, மீன் நிறுத்த தராசு, எத்தனை கழுவியும் வாசனை போகவில்லை, ஆனால் அளவு சுத்தம். போமன் (மெக்கானிக்) சிலர் சீலைக் கத்தியால் வெட்டி, பிரிக்காமலே சுற்றி மாட்டித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். எண்ணெய்க்குப் பதில் பின்னாளில் லேண்ட் ரோவரின் டிஃபெண்டர் வண்டிக்கு வந்த கூழ் கிரீஸை நிரப்பினால் ஒழுகல் வெகுவாகக் குறையும், நான் நேற்று அதைத்தான் செய்தேன்.

இனி நல்லது. பெட்டிக்குள் இருக்கும் ஸ்ட்ரெச்சர் தட்டுகளைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேல் தட்டை மடக்கினால் கீழே உட்காரலாம். நேட்டோ நாடுகள் ஸ்ட்ரெச்சர் அளவைப் பொதுவாக்கி வைத்திருக்கின்றன, எந்த நாட்டு ஸ்ட்ரெச்சரும் எந்த நாட்டு ஆம்புலன்ஸிலும் ஏற வேண்டும், வண்டி மாறும்போதெல்லாம் அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரிலிருந்து தூக்கி மாற்றக் கூடாது என்பதற்காக. எனக்குப் பட்டர்வொர்த்தில் ஒருவரிடம் கிடைத்தது அலுமினியக் கம்பி வைத்த அமெரிக்க வகை, நீளம் சுமார் 2.3 மீட்டர். இது எங்கே போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் தள்ளினேன், ஆங்கிலேயத் தட்டில் வழுக்கிக்கொண்டு போய் 'டக்' என்று உட்கார்ந்தது. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலில் நண்பர்களின் தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் கதவைத் திறந்துபோட்டு நிறுத்தியிருந்தோம். கால் வீங்கிய ஒரு பாட்டி ஏறிப் படுத்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு, "தம்பி, இந்தக் கட்டிலு எந்தக் கடையில வாங்கின?" என்றார்.

ஆனால் பெட்டி குளிர் நாட்டுக்குக் கட்டியது. ஹீட்டர் இருக்கிறது, ஏர்கோன் இல்லை, மத்தியானத்தில் உள்ளே இட்லி அவிக்கலாம். பினாங்குப் பாலத்தில் லோரிகள்கூட முந்திக்கொண்டு போகும். லிட்டருக்கு 5, 6 கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

இன்னொன்று, வாங்கியதும் பக்கத்தில் சிவப்புச் சிலுவை வரையக் கை துறுதுறுக்கும். வரையாதீர்கள். 1949 ஜெனீவா உடன்படிக்கையும் நம் மலேசியாவின் 1962 ஜெனீவா உடன்படிக்கைச் சட்டமும் அந்தச் சின்னத்தைத் தனியார் இஷ்டத்துக்குப் போட விடுவதில்லை. என் வண்டியில் அந்த இடம் வெறும் பச்சைதான்.

வண்டியை நேரில் பார்க்கப் போகும்போது ஸ்டீயரிங்கை முழுசாக இடப்பக்கம் ஒடித்து, உருண்டையின் கிரீஸைத் துணியால் துடைத்து, குரோம் மேல் நகத்தால் கோடு இழுத்துப் பாருங்கள். வலப்பக்கம் ஒடித்தும் அதே மாதிரி. நகம் எங்கேயாவது மாட்டினால் விலையில் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) குறைக்கச் சொல்லுங்கள். குறைத்தாலும் வாங்காதீர்கள், ஸ்ட்ரெச்சரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள் என்பதுதான் இன்றைக்கு என் பதில்.

மீறி வாங்கினால் உடனே ஒரு போன் போடுங்கள். என் வலது பக்கத்து உருண்டையும் புள்ளி விட ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை வேறு கடையில் சேர்த்து வரவழைத்தால் கப்பல் கூலியைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம்.