பத்தாங் பெர்ஜுந்தையில் கட்டி முடித்தும் விற்காமல் கிடந்த வீடு: மூன்று ஆண்டு குடியிருந்த பின் ஒரு மதிப்பீடு

மலேசியாவின் சிலாங்கூரில், பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் பெரியவர்கள் பேச்சில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கும் எங்கள் ஊரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எழுந்த ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்), 2022 ஜூன் மாதம் சாவி வாங்கிய மாடியில்லா வரிசை வீட்டைப் பற்றியது இந்த மதிப்பீடு. தோட்டத்து லயத்தில் பிறந்து, வேலை போனால் வீடும் போகும் என்ற பயத்திலேயே வளர்ந்த எங்கள் குடும்பத்தில் சொந்தப் பெயரில் கெரான் என்னும் நிலப் பட்டா வைத்திருக்கும் முதல் ஆள் நான். அதனால் இந்த வீட்டின் மீது எனக்குப் பாசம் உண்டு. அதை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத முயல்கிறேன். வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளரின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

நாங்கள் தேடிக்கொண்டிருந்த 2021 இறுதியில் வீடு விற்பவர்களுக்கு நல்ல காலமில்லை. நிறைவுச் சான்றிதழ் பெற்று, விற்பனைக்கு வந்து ஒன்பது மாதங்களுக்கு மேலாகியும் வாங்க ஆளில்லாத குடியிருப்பு வீடுகள் நாடு முழுவதும் 36,863 என்று அரசாங்கச் சொத்துச் சந்தைக் கணக்கு காட்டியது. இந்தத் தாமானிலும் மூன்றாவது வரிசை முழுவதும் பூட்டியே கிடந்தது. வரைபடத்தைக் காட்டி விற்ற புதிய கட்டம் ஒன்று பக்கத்திலேயே மலிவாக இருந்தும் நாங்கள் அதைத் தொடவில்லை. சந்தை படுத்திருக்கும்போது பாதியில் கைவிடப்பட்ட திட்டங்களையும், வராத வீட்டுக்கு வங்கியில் பணம் கட்டியவர்களையும் 1998 பொருளாதார நெருக்கடிக்குப் பின் இந்த நாடு நிறையவே பார்த்திருக்கிறது. நிற்கும் வீட்டில் இன்னொரு வசதி, அதை மழையில் பார்க்கலாம். பழைய ஈயச் சுரங்க நிலமும் ஆற்றோரத் தாழ்வும் கலந்த வட்டாரம் இது. "அடமழ பேஞ்ச மறுநாள் போய்ப் பாருப்பா, மண்ணு தானா சொல்லும்" என்று அப்பா சொன்னபடி மூன்று முறை போனோம். முதல் வரிசையின் பின்கால்வாய் வழிந்தது. மூன்றாவது வரிசையில் வழியவில்லை.

விற்பனை அலுவலகத்தில் உபசரிப்புக்குக் குறைவில்லை. பலகை விலை 348,000 ரிங்கிட், அதில் 10 விழுக்காடு தள்ளுபடி, முன்பணம் வேண்டாம், வழக்கறிஞர் கட்டணம் இலவசம் என்றார்கள். தள்ளுபடியும் முன்பணமின்மையும் ஒன்றேதான் என்பது ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே விளங்கியது. ஒப்பந்தத்தில் 348,000 என்றே எழுதி, அதற்கு 90 விழுக்காடாக 313,200 ரிங்கிட் கடன் எடுக்க வைத்து, மீதி 34,800ஐத் தள்ளுபடி என்று கழித்துவிடுவார்கள். கைக்காசு போடாமல் வீடு கிடைத்ததாகத் தோன்றும். உண்மையில் வீட்டின் முழு விலையும் கடனாகத் தலையில் ஏறியிருக்கும், விலை சற்று இறங்கிய நேரத்தில் அவசரத்துக்கு விற்க நேர்ந்தால் கையிலிருந்து போட்டுத்தான் வங்கியை அடைக்க வேண்டும். மெய்யான விலையையே ஒப்பந்தத்தில் எழுதுங்கள் என்று என் மனைவி கேட்டார். இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு 310,000க்கு இறங்கி வந்தார்கள். முன்பணமான 31,000இல் பாதிக்கு மேல் மனைவியின் சேமநிதி இரண்டாம் கணக்கிலிருந்து வந்தது. கோவிட் காலத்தில், அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்க அனுமதித்த ஐ-லெஸ்தாரி திட்டம் வழியாக மாதம் 500 எடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததன் பலன் அது.

இடையில் ஓர் அவசரமும் காட்டப்பட்டது. வீடு வாங்கும் இயக்கம் என்ற அரசாங்கச் சலுகைத் திட்டம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது, அதற்குள் கையெழுத்திடாவிட்டால் முத்திரை வரிச் சலுகை போய்விடும் என்றார்கள். இயக்கம் முடிந்தது உண்மை. ஆனால் 500,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாத முதல் வீட்டுக்கான விலக்கு, அதனோடு தொடர்பின்றி, அப்போது 2025 இறுதிவரை என்ற அறிவிப்போடு, தனியாகவே நடப்பில் இருந்தது. நாங்கள் பிப்ரவரியில் நிதானமாகக் கையெழுத்திட்டோம்.

அந்தத் தாமதத்தில் கிடைத்ததுதான் இந்த வாங்கலிலேயே நான் அதிகம் மதிப்பது. நிலத்தோடு கூடிய வீட்டை விற்கும் மேம்பாட்டாளர், 1989ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டு விதிகளின்படி, அட்டவணை ஜி என்ற நிலையான ஒப்பந்தப் படிவத்தைப் பயன்படுத்த வேண்டும். தெரியவரும் குறைகளை மேம்பாட்டாளரே தம் செலவில் சரிசெய்ய வேண்டிய 24 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் அதில் அடக்கம். ஆனால் நிறைவுச் சான்றிதழ் வெளிவந்து, அதன் உறுதி செய்யப்பட்ட நகல் வாங்குபவர் கைக்கு வந்த பின் கையெழுத்தாகும் ஒப்பந்தத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கட்டி முடித்த வீடுதான் பாதுகாப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இது தெரியாது. இலவச வழக்கறிஞர் மேம்பாட்டாளருடைய ஆள் என்பதால், எங்கள் செலவில் கோலசிலாங்கூரில் ஒரு வழக்கறிஞர் அம்மையாரை வைத்திருந்தோம்; வந்த வரைவில் பொறுப்புக் காலம் ஆறு மாதம்தான் என்பதை அவர்தான் சிவப்பு மையில் வட்டமிட்டார். 24 மாதமாக்கி, புகார்க் கடிதம் கிடைத்த 30 நாளில் பழுது பார்க்க வேண்டும் என்ற வரியையும் சேர்க்கச் சொன்னார். வரிசையே பூட்டிக் கிடந்த காலமாதலால் ஒப்புக்கொண்டார்கள். வீடுகள் விற்றுப் பறந்துகொண்டிருந்த காலமாக இருந்தால் எங்களை எழுந்து போகச் சொல்லியிருப்பார்கள்.

கடனைப் பற்றிச் சுருக்கமாக. 279,000 ரிங்கிட், 35 ஆண்டு, தொடக்க வட்டி 3.2 விழுக்காடு, மாதம் 1,105. அப்போது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதமான ஓபிஆர் 1.75 என்ற அடிமட்டத்தில் இருந்ததால், அது ஏறியே தீரும் என்று கணித்து 5 விழுக்காட்டில் போட்டுப் பார்த்தோம், 1,408 வந்தது. 600 ரிங்கிட் வாடகை வீட்டில் இருந்துகொண்டே ஓராண்டு மாதம் 800ஐத் தனியாக எடுத்து வைத்து, அந்தச் சுமையோடு வாழ முடிகிறதா என்று சோதித்த பிறகே விண்ணப்பித்தோம். 2023 மே மாதம் ஓபிஆர் 3.00ஐ எட்டியபோது தவணை 1,300ஐத் தாண்டியது, சமாளிக்க முடிந்தது.

இனி வீடு. சுவர்கள் நேராக உள்ளன, கூரை ஒழுகவில்லை, அறைகள் சிறியவை, சமையலறையில் இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியே. சாவி கிடைத்த வாரமே 450 ரிங்கிட் கொடுத்து வீட்டுச் சோதனை செய்பவரை அழைத்தோம். அந்தத் தம்பி தரை ஓடு ஒவ்வொன்றையும் தட்டித் தட்டி உள்ளே காலியாக ஒலித்தவற்றில் நாடா ஒட்டினார். குளியலறையில் வாளி நீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார், வடிகாலுக்கு எதிர்ப்பக்கம் ஓடியது. மொத்தம் 43 குறைகள், ஒவ்வொன்றுக்கும் படம். கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல சேவையை நான் கண்டதில்லை. மேம்பாட்டாளரின் பழுதுபார்ப்புப் பிரிவோ தொலைபேசியில் இனிமை, செயலில் மந்தம். எழுத்தில் கொடுத்தால் மட்டும் அசைந்தது. குளியலறைத் தரையை இரண்டு முறை உடைத்துப் போட்டார்கள்.

அமைதி போதுமான அளவு உண்டு, பேருந்து போதாது. கார் இல்லாதவர்களுக்கு இந்தத் தாமானைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பின்புறச் சிமெண்டுத் தளம் மண் இறங்கி வீட்டுச் சுவரை விட்டு இரண்டு விரல் அகலத்துக்குப் பிரிந்தது மட்டும் பெரிய குறை. பொறுப்புக் காலம் முடிய மூன்று வாரம் இருக்கையில், மூன்றாவது கடிதத்துக்குப் பின், வெட்டியெடுத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன், அதே வாரம் அதே ஆட்களிடம் 4,000 ரிங்கிட் கொடுத்துத் தம்முடையதைச் செய்துகொண்டார்.